இருபது புள்ளியை ஒருபுறம் வைத்த ஆசிரியர்

விளையாட்டிற் சிறந்தவனே விளையாட்டைக் கற்பிக்க வல்லவன் என்பது ஒரு சாரார் கொள்கை. தான் செய்து காட்ட இயலாதவனே பிறர்க்குக் கற்பிக்கப் புகுவான் என்பது மற்றொரு சாரார் ஏளனம். ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட எம்மனோர் இவ்விரண்டையும் ஆண்டுதோறும் கேட்டுப் பழகியவர்கள். பரிசளிப்பு விழாவிலே முன்னது மேடையிலிருந்து முழங்கும். பின்னது பின்வரிசையிலிருந்து மெல்ல எழும்.

இவ்விரு கூற்றும் ஒரே குறையை உடையன. ஆசிரியன் முன்னர் எதனைச் செய்தான், எதனைச் செய்யத் தவறினான் என்பதோடு இரண்டும் நின்றுவிடுகின்றன. முன்னர்த் தான் செய்ததை, மாணாக்கன் எதிரே வந்து நிற்கும்போது அவன் எங்கே வைக்கின்றான்? படியாக வைக்கின்றானா, தடையாக வைக்கின்றானா? இவ்வினாவை ஆராய்வதற்கு, பனியே பெய்யாத இத்தீவினர்க்குத் தொடர்பற்ற ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கின்றேன். கிரிக்கெற்றைப் பற்றியோ உதைபந்தாட்டத்தைப் பற்றியோ எழுதப் புகுந்தால், இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் காலத்து அணித்தலைவரை நினைந்து வழக்காடத் தொடங்குவர். பனிக்குன்றிலிருந்து பாயும் விளையாட்டிலே நமக்குக் கட்சி இல்லை. ஆதலின் நடுவுநிலை எளிது.

யான் கருதுபவர் ஒஸ்திரியா நாட்டு ரொனி இன்னௌவர். 1958ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதி, அந்நாட்டின் மேற்கெல்லை மலைநாட்டிலே பெற்சாவு என்னும் ஊரிற் பிறந்தவர். ஒலிம்பிக் விளையாட்டிலே பொற்பதக்கமும் வெள்ளிப்பதக்கமும் பெற்றவர். பின்னர்த் தம் நாட்டு அணிக்குப் பயிற்றுநராகி, அதன்பின் நெடுங்காலம் அவ்விளையாட்டின் முழுப்பொறுப்பையும் ஏற்று நடத்தியவர். இவ்வளவு சொன்னால், வென்றவர் கற்பித்தார், கற்றவர் வென்றார் என்ற வழக்கமான கதையாகவே தோன்றும். இன்னௌவரின் கதை அவ்வாறு நேராகச் செல்லவில்லை என்பதே அவரை இங்கே எழுதுவதற்குக் காரணம்.

முதலில் விளையாட்டைச் சிறிது விளக்கல் வேண்டும். ஸ்கீ எனப்படுவது பனிமேற் சறுக்குதற்குக் காலிற் பூட்டும் நீண்ட பலகை. பாய்வோன் உயர்ந்ததொரு சரிவுப்பாதையின் உச்சியிலிருந்து இரு பலகைகளையும் பூட்டிக் குந்தியிருந்து கீழ்நோக்கிச் சறுக்குகின்றான். பெருங்குன்றிலே பாதையின் முனையை அடையும்போது அவன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றர். அம்முனை மேல்நோக்கி வளைந்திருந்து அவனை எறிவதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் அது கீழ்நோக்கிச் சற்றே சரிந்துள்ளது. வானில் எழுவதற்கு அவனுக்குள்ள துணை அவன் கால்களின் உந்தலே. அவ்வுந்தலுக்குக் கிடைக்குங் காலம் ஒரு வினாடியின் மூன்றிலொரு பங்களவே. அப்பொழுது சிந்திக்க நேரமில்லை. உடல் எதனைப் பழகியதோ அதனையே செய்யும். எழுந்தபின் காற்றைத் தாங்கி முன்சாய்ந்து மிதந்து, ஒருகால் முன்னும் ஒருகால் பின்னுமாக முழந்தாள் மடித்து இறங்குதல் வேண்டும்.

தூரத்துக்குப் புள்ளி உண்டு. அதனோடு, நடுவர் ஐவர் பாய்ச்சலின் அழகையும் ஒழுங்கையும் நோக்கித் தனித்தனியே இருபதுக்குப் புள்ளியிடுவர். அவற்றுள் மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் நீக்கப்பட்டு, எஞ்சிய மூன்றும் கூட்டப்படும். தூரம் அளவுகோலால் வருவது. அழகு கண்ணால் வருவது. கணக்குப் பரீட்சையும் கட்டுரைப் பரீட்சையும் ஒரே தாளில் நடப்பதைப் போன்றதென்று நம் மாணவர் கொள்ளலாம்.

இன்னௌவரின் ஆசிரியரைப் பற்றிச் சொல்லாது அவரைப் பற்றிச் சொல்லல் இயலாது. பால்டூர் பிரைமில் என்பார் 1968இற் கிரெனோபிள் ஒலிம்பிக்கிலே சிறுகுன்றுப் பாய்ச்சலில் வெண்கலப்பதக்கம் பெற்றவர். திரோல் மாகாணத்திலே ஸ்ராம்ஸ் என்னும் பழைய துறவிமடத்தை ஒட்டி 1967இல் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. பனிவிளையாட்டிற் சிறந்த சிறுவர் அங்கே பொதுக்கல்வியையும் பயிற்சியையும் ஒருங்கே பெற்றனர். அப்பள்ளியோடு தொடர்புடைய பிரைமில் 1974இல் ஒஸ்திரிய அணியின் பயிற்றுநரானார். அவ்வாண்டு மாரியிலேயே, புத்தாண்டையொட்டி நான்கு ஊர்களில் நிகழும் நான்குகுன்றுப் போட்டியை ஒஸ்திரியர் வென்றனர். வீரனின் காலை மட்டும் பயிற்றினாற் போதாதென்பது பிரைமிலின் கொள்கை. அவன் உண்பது என்ன, உறங்குவது எவ்வாறு, அஞ்சும்போது உள்ளத்தை எவ்வாறு அடக்குகின்றான் என்பனவெல்லாம் அவருக்குப் பாடமாயின. தீட்டாத தானிய உணவும் மனத்தை ஒடுக்கும் பயிற்சியும் அக்காலத்து விளையாட்டரங்கிலே வேடிக்கையாகவே கருதப்பட்டன. நம் மூத்தோர் இவற்றைக் கேட்டால் இதிற் புதுமை யாதென வினவியிருப்பர்.

அவ்வாசிரியர் கையிலே பதினேழு வயதுச் சிறுவனாக இன்னௌவர் 1976ஆம் ஆண்டு இன்ஸ்புருக் ஒலிம்பிக்குக்கு வந்தார். பெருங்குன்றிலே முதற் பாய்ச்சலில் 102.5 மீற்றர் பறந்து முதலிடத்தில் நின்றார். சொந்த நாடு, சொந்த மக்கள். இரண்டாம் பாய்ச்சலில் 91 மீற்றரே வாய்த்தது. அவருடன் ஒரே அணியிலிருந்த கார்ல் ஷ்னாபிள் 97.5, 97 என இரண்டையும் சமமாகப் பாய்ந்து பொற்பதக்கத்தை எடுத்துக்கொண்டார். இன்னௌவருக்கு வெள்ளி. இரண்டு புள்ளிக்கும் குறைந்த வேறுபாடு அது.

சில வாரங்கள் கழித்து, அதே 1976 மார்ச் மாதத்தில், மேற்கு ஜேர்மனியின் ஓபர்ஸ்டோர்ப் பெரும்பறப்புக் குன்றிலே அவர் 176 மீற்றர் பறந்தார். அன்றைய உலகில் எவரும் அதனிலும் தூரம் பறந்ததில்லை. தூரத்தை விடுக, அது பிற்காலத்திற் பலராற் கடக்கப்பட்டது. அப்போட்டியிலே ஒரு பாய்ச்சலுக்கு நடுவர் ஐவரும் இருபது இருபதாகப் புள்ளியிட்டனர். ஐந்து இருபதுகள்! அதற்கு முன்னர் எவருக்கும் கிட்டாத பேறு அது. இரு பலகைகளும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இணைகோடாக நிற்க, அவற்றின்மேல் உடல் அம்பென நீண்டு அசையாதிருத்தலே அக்காலத்து அழகு. அந்த அழகுக்கு இலக்கணம் வகுத்தோர் இலக்கியமாக எதனை எண்ணினரோ, அதுவாகவே ஒரு பதினேழு வயதுப் பிள்ளை வானில் நின்றான்.

நான்கு ஆண்டு கழித்து, 1980இல் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டிலே சிறுகுன்றில் 89, 90 மீற்றர் பாய்ந்து 266.3 புள்ளியோடு பொற்பதக்கம் வென்றார். அடுத்து வந்த கிழக்கு ஜேர்மனியரும் யப்பானியரும் தலைக்கு 249.2 புள்ளி பெற்று இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். அவ்வாண்டிலேயே கடுங்காயம் நேர்ந்து பாய்தலைக் கைவிட நேர்ந்தது. வயது இருபத்திரண்டு. நம் மாணவர் பலர் பல்கலைக்கழகப் படியை அப்பொழுதுதான் கடப்பர்.

இங்கே நின்று ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதில் எல்லாப் பரிசும் பெற்று முடித்தவன் எஞ்சிய நாற்பது ஐம்பது ஆண்டுகளை என்ன செய்வது? பழம்புகழை விற்று வாழ்வோர் எல்லா நாட்டிலும் உளர். இன்னௌவர் பல்கலைக்கழகஞ் சென்று தத்துவமும் உளநூலும் உடற்கல்வியும் பயின்றார். பின்னர்த் தாம் படித்த ஸ்ராம்ஸ் பள்ளிக்கே மீண்டு சிறுவர்க்குப் பயிற்சியளித்தார். பொற்பதக்கம் பெற்றவர் அதனைக் காட்டியே தேசிய அணியின் பொறுப்பைக் கேட்டிருக்கலாம். அவர் மாணவராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்து, 1989இலேதான் அணியின் தலைமைப் பயிற்றுநரானார். இந்த ஒன்பது ஆண்டுகளைப் பத்திரிகைகள் ஒரு வரியிற் கடந்துவிடும். என் எண்ணத்திலே அவர் ஆசிரியரானது இந்த ஒன்பது ஆண்டுகளிலேதான். தான் இயல்பாகச் செய்ததை ஏன் அவ்வாறு செய்தேன் என்று வினவி அறிவதற்கு அத்துணைக் காலம் வேண்டும். இயல்பாகப் பாடுபவன் இராகலட்சணம் அறியாதிருக்கலாம். பாட்டாசிரியன் அவ்வாறிருத்தல் ஆகாது.

அவர் பொறுப்பேற்ற வேளையிலே விளையாட்டுக்குள் ஒரு கலகம் மூண்டிருந்தது. சுவீடன் நாட்டு யான் பொக்லேவ் என்பவர், வானிற் பறக்கும்போது பலகைகளின் முன்முனைகளை விரித்துப் பின்முனைகளை நெருக்கி, ஆங்கில ‘வீ’ எழுத்தைப்போலப் பிடித்தார். கண்டோர் நகைத்தனர். நடுவர் புள்ளியைக் குறைத்தனர். பலகைகள் இணைகோடாக நிற்றல் வேண்டுமென்பது விதியன்றோ! ஆயினும் காற்றுக்கு விதிநூல் தெரியாது. பலகைகள் உடலுக்குக் கீழே ஒடுங்கியிருக்கும்போது ஒன்றையொன்று மறைக்கின்றன. விரிந்திருக்கும்போது உடலின்மேலும் பலகைகளின்மேலும் தனித்தனியே காற்று மோதித் தாங்குகின்றது. ஆகவே பாய்வோன் நெடுந்தூரம் மிதக்கின்றான். அழகுப்புள்ளியில் இழந்ததைத் தூரப்புள்ளியில் ஈட்டி, பொக்லேவ் 1988-89ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் தொகுதியை முழுதாக வென்றார்.

தமிழாசிரியனாகிய எனக்கு இவ்விடத்தில் ஒரு சொல் சொல்லாதிருக்க இயலவில்லை. விதிக்கு மாறாக ஒன்று வழக்கில் எழும்போது, அதனைத் திருத்துவோன் முன் இரு வழிகள் உள. சிவப்பு மையாற் கோடிடலாம். அன்றி இது ஏன் எழுந்தது, எதனைச் சாதிக்கின்றது என்று ஆராயலாம். மொழி காலத்துக்கேற்ப மாறுவதைக் குற்றமாகக் கொள்ளலாகாதென்று நன்னூலாரே இடங்கொடுத்திருக்கின்றார். ஆயினும் நன்னூலைப் பாடஞ்செய்த நம்மவருட் பலர் அவ்விடத்தை ஒப்புவிப்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். புதுமை யாவும் நன்று என்று யான் கூறவரவில்லை. வழுவைப் புதுமையென்று சாதிக்கும் மாணாக்கரையும் வகுப்பறையிலே காண்கின்றோம். ஆராய்ந்தபின் கோடிடுதலும் ஆராயாமற் கோடிடுதலும் ஒன்றாகா என்பதே என் கருத்து.

இனி இன்னௌவரின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பழைய முறையிலே உலகில் முதன்முதல் ஐந்து இருபது பெற்றவர் அவர். அம்முறையின் அழகுக்கு அவரே சான்று. அவர் கையிலிருந்த அணியோ தோற்றுக்கொண்டிருந்த அணியன்று. 1991ஆம் ஆண்டு இத்தாலியில் நிகழ்ந்த உலகப் போட்டியிலே ஹைன்ஸ் குற்றின், எர்ன்ஸ்ற் வெற்றோரி, ஸ்ரெபான் ஹோர்ன்காகர், அன்ட்ரியாஸ் பெல்டர் ஆகிய நால்வரும் அணிக்குரிய பொற்பதக்கத்தை வென்றிருந்தனர். 1990-91ஆம் ஆண்டு உலகக் கிண்ணத் தொகுதியும் பெல்டருக்கே உரியதாயிற்று. வெற்றோரி 1986, 1987 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நான்குகுன்றுப் போட்டியைப் பழைய முறையிலே வென்றவர். (பெயரிலேயே வெற்றியை வைத்திருப்பவர் என்று தமிழர் எண்ணினால் அது தமிழின் குறும்பு.) இத்தகையோரை, ஒலிம்பிக் விளையாட்டு எதிரே நிற்கும் வேளையில், பழகியதைக் கைவிட்டுப் புதிய முறையைப் பழகச் செய்வதென்றால் அது சிறிய துணிவா?

இன்னௌவர் அதனைச் செய்தார். 1991-92ஆம் பருவத்தை நோக்கி அணி புதிய முறைக்குத் திருப்பப்பட்டது. தோற்ற அணியை மாற்றுதல் எவர்க்கும் எளிது. ஊரார் தாமே கேட்பர். வென்ற அணியை மாற்றும் பயிற்றுநர், தோற்றால் தனியே நிற்க வேண்டியவர்.

ஆசிரிய கலாசாலையிலே எங்களுக்கு முதலிற் கற்பித்த விதி, அறிந்ததிலிருந்து அறியாததற்கு மாணாக்கனை அழைத்துச் செல்க என்பது. நல்ல விதி, நாள்தோறும் பயன்படுவது. எனினும் அறிந்ததே அறியாததற்குப் பகையாக நிற்கும் இடங்கள் உண்டென்பதை அவ்விதி சொல்வதில்லை. முன்னர்ச் சொன்ன ஒரு வினாடியின் மூன்றிலொரு பங்கை நினைவிற் கொள்க. பதினைந்து ஆண்டுகளாக ஒரே வகையில் எழுந்து பறந்த உடல், அந்த நொடியிலே தன் பழைய வகையையே நாடும். பலகைகளை விரிக்கும்போது ஒன்று கூடுதலாக விரிந்தாற் காற்று அவனைப் புரட்டிவிடும். சிறுவர்க்கு இது பெரிதன்று. மறக்க வேண்டியது அவர்களிடம் அதிகம் இல்லை. தேர்ந்தோர்க்கே இது கடினம். இவ்வேளையில் அவர்களுக்கு வேண்டியது, புதிய முறையை அறிந்த ஒருவரினும், பழைய முறையின் இனிமையை முற்ற அறிந்து, அதனை விடலாம் என்று சொல்ல உரிமை பெற்ற ஒருவரே. ஐந்து இருபது பெற்றவர் வந்து ‘இனி அது வேண்டா’ என்று கூறினால், இரண்டு இருபது பெற்றவன் எதனைப் பற்றிக்கொண்டு மறுப்பான்? அவருடைய பழைய புகழ் உண்மையிற் பயன்பட்டது இங்கேதான் என்பேன்.

1992 பெப்ரவரியில் பிரான்சு நாட்டு அல்பேர்வில் ஒலிம்பிக் நிகழ்ந்தது. பாய்தல் கூர்ஷவெல் குன்றிலே. சிறுகுன்றிற் பொன் வெற்றோரிக்கு. இருபத்தேழு வயதிலே, தாம் பெயர்பெற்ற முறையை விட்டுப் புதிய முறையிற் பாய்ந்து பெற்ற பொன் அது. வெள்ளி அவர் அணியின் பதினேழு வயது மார்ட்டின் ஹொல்வார்த்துக்கு. பெருங்குன்றிலே பொன் பின்லாந்தின் பதினாறு வயது ரொனி நீமினனுக்கு, வெள்ளி மீண்டும் ஹொல்வார்த்துக்கு, வெண்கலம் குற்றினுக்கு. தனியாட் பதக்கம் ஆறில் நான்கு ஒஸ்திரியர்க்கும் இரண்டு நீமினனுக்கும் ஆயின. பதக்கம் பெற்ற அனைவரும் புதிய முறையிற் பாய்ந்தோரே. அணிப்போட்டியில் பின்லாந்து 644.4, ஒஸ்திரியா 642.9, ஒன்றரைப் புள்ளியாற் பொன் தவறியது. அவ்வொன்றரைப் புள்ளியைப் பற்றி ஒஸ்திரியாவிலே பல நாள் பேசியிருப்பர். நாம் பேச வேண்டியதில்லை.

மாறாதோர் நிலை யாதாயிற்று எனின், ஜேர்மனியின் யென்ஸ் வைஸ்புளொக்கை நோக்குக. 1984இல் ஒலிம்பிக் பொன் பெற்ற பெருவீரர். புதிய முறை முழுதும் கைவருவதற்கு முன்னரே அல்பேர்வில் வந்துவிட, பதக்கமின்றித் திரும்பினார். அவர் சோரவில்லை. இரண்டு ஆண்டு உழைத்து 1994இல் நோர்வேயின் லில்லஹாமரிலே பெருங்குன்றுப் பொன்னை வென்றார். அவரைத் தாழ்த்துவதற்கன்று இதைச் சொல்வது. அத்தகைய வல்லவர்க்கே இரண்டு ஆண்டு மேலும் வேண்டியிருந்த மாற்றத்தைத்தான் இன்னௌவரின் மாணாக்கர் உரிய காலத்திற் கடந்தனர் என்பதை அளந்து காட்டுதற்கே.

பழைய அழகு போயிற்றே என்று வருந்துவோர் உளர். அவர்களோடு யானும் ஒருவாறு உடன்படுகின்றேன். பழைய படச்சுருள்களிலே அந்த இணைகோட்டுப் பறப்பைக் காணும்போது வெண்பாவின் கட்டுக்கோப்பு நினைவுக்கு வருகின்றது. விரித்த பலகைகளோடு பறப்பதைக் கண்டால் குளத்திலிறங்கும் நாரையின் நினைவு வருகின்றது. ஆயினும் இன்று பிறந்து வளர்ந்த சிறுவனுக்கு நாரையே அழகு; பழைய படத்தைக் கண்டால் இவர் ஏன் விறைத்து நிற்கின்றார் என்கிறான். நடுவரும் பின்னர் விதியைத் தளர்த்தினர். இன்று புதிய முறைக்கே இருபது புள்ளி இடப்படுகின்றது.

அழகினும் பெரிய குறையொன்று பின்னர் எழுந்தது. காற்று நன்கு தாங்குமாயின், மெலிந்தவன் இன்னும் தூரம் மிதப்பான் அல்லவா? அதனால் வீரர் தம் உடலை வருத்தி மெலியத் தொடங்கினர். எலும்புந் தோலுமாக நின்ற இளைஞரைக் கண்டு உலகம் அஞ்சியது. அளவுக்கு மேல் மெலிந்தவன் குறுகிய பலகையே பூட்டல் வேண்டும் என்று, உயரத்துக்கும் எடைக்கும் உள்ள பொருத்தத்தை வைத்து 2004இலே விதியொன்று செய்யப்பட்டது. குறுகிய பலகைக்குக் காற்றின் தாங்கல் குறைவு. ஆகவே பட்டினி கிடப்பதில் இலாபம் குறையும். ஒரு குறையை நீக்கிய முறையே மற்றொரு குறையைக் கொண்டுவந்ததென்பதையும், அதற்கு விதி காண வேண்டியிருந்ததென்பதையும் மறைத்தல் நேர்மையன்று. புதுமையைப் புகவிட்டவர் அதன்பின் வாயிலைக் காக்கவும் வேண்டியுள்ளது.

இனி, பெருவீரர் மட்டுமே நல்ல பயிற்றுநராவர் என்று என் எழுத்தைக் கொண்டு எவரும் முடிவு செய்யலாகாது. வேர்னர் ஷூஸ்ரர் என்னும் மற்றோர் ஒஸ்திரியரும் ஸ்ராம்ஸ் பள்ளியிற் பயின்று பாய்ந்தவரே. பாய்ச்சலிற் பெரும்புகழ் பெறாதவர். 2008 முதல் 2019 வரை ஜேர்மனிய அணிக்குப் பயிற்றுநராயிருந்தார். 2014இற் சோச்சி ஒலிம்பிக்கிலே அவ்வணி பொன் வென்றது. அவர் தம் பழைய வெற்றியை ஒருபுறம் வைக்க வேண்டிய இடரே இல்லாதவர். அது ஒரு வகை நல்வாய்ப்பு. இன்னௌவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் தூக்கி வைக்க வேண்டிய சுமை மிகப் பெரிது. நல்லாசிரியனுக்கு நன்னூலார் கூறிய உவமைகள் நான்கனுள் நிறைகோலும் ஒன்று. பிறர் பொருளை நிறுத்தல் வணிகன் ஒவ்வொருவனும் செய்வதே. தன் பொருளையே அத்தட்டில் இட்டு முள் எங்கே நிற்கின்றதென்று பார்ப்பது அரிது.

இக்காலத்திலே கல்லூரிகள் பலவற்றிற் பழைய மாணவர் திரும்பிவந்து மாலைவேளைகளில் அணிகளைப் பயிற்றுகின்றனர். போற்றத்தக்க தொண்டு அது. சம்பளம் வாங்காது வெயிலில் நிற்போரை எவர் குறைகூறுவார்? ஆயினும் ‘எங்கள் காலத்தில்’ என்ற சொற்றொடர் ஒரு மாலையில் எத்துணை முறை மைதானத்திற் கேட்கின்றதென்று மாணவரைக் கேட்டால் அவர்கள் எண்ணிச் சொல்வர். அக்காலத்துப் பந்தும் காலணியும் தரையும் உணவும் வேறு. தம் மட்டை வீச்சைத் தம்பியின் கையிலே மீண்டும் காண விரும்புவது மனித இயல்பு. அதனைக் காண்பதற்கே தம்பியைப் பயிற்றுவது வேறு. இதனைப் படிக்கும் அன்பர் எவரையும் மனத்துட் கொண்டு யான் எழுதவில்லை. வகுப்பறையில் இருபது ஆண்டுகட்கு முன் எழுதிய குறிப்புக் கொப்பியையே இன்றும் விரித்துப் பாடஞ் சொல்லும் ஆசிரியர்க்கும் இது பொருந்தும்.

1992இன் பின் இன்னௌவர் அணியின் நேர்ப்பயிற்சியை விட்டார். சில காலம் கழித்து ஒஸ்திரிய ஸ்கீச் சங்கத்தில் பாய்தற்றுறைக்கும் அதனோடு சார்ந்த துறைக்கும் பணிப்பாளராகி 2010 வரை இருந்தார். தாமே குன்றின் கீழ் நின்று கொடி அசைப்பதை விட்டு, கொடி அசைப்பவரைத் தெரிந்தெடுக்கும் வேலை அது. அதிலும் ஒரு துறவு உண்டு. அவர் பணிப்பாளராயிருந்த காலத்தில் 2006இல் இத்தாலியின் ரியூரின் ஒலிம்பிக்கிலே பெருங்குன்றில் பொன்னும் வெள்ளியும் ஒஸ்திரியர் இருவர்க்கே கிடைத்தன. தோமஸ் மோர்கன்ஸ்ரேர்னுக்கும் அன்ட்ரியாஸ் கோப்ளருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஒரு புள்ளியிற் பத்திலொன்று. அணிப்பொன்னும் அவர்களதே, 2010இல் வான்கூவரிலும் அவ்வாறே. அவ்வாண்டிலேயே அவர் பதவியை விட்டு விலகினார்.

1991இற் பொன் வென்ற அந்த நால்வரை மீண்டும் நோக்குவோம். அவர்களுள் மூவர் பின்னாளில் தேசிய அணிப் பயிற்றுநராயினர். பெல்டர் ஒஸ்திரிய அணியை இரு வேறு காலங்களிற் பயிற்றினார். குற்றின் 2004 முதல் 2006 வரை போலந்து அணியையும், 2014 முதல் 2018 வரை தம் நாட்டு அணியையும் பயிற்றினார். ஹோர்ன்காகர் 2016இற் போலந்து அணியை ஏற்றார். 2017இல் பின்லாந்தின் லஹ்தி நகரிலே போலந்து முதன்முதலாக உலகப் போட்டியில் அணிப்பொன் வென்றது. 2019இல் அவர் ஜேர்மனிய அணிக்குச் சென்றார். பிரைமிலிடம் இன்னௌவர், இன்னௌவரிடம் இவர்கள், இவர்களிடம் போலந்து நாட்டுப் பிள்ளைகள். பலகையின் நீளம், உடையின் துணி, எழும்பும் முறை என யாவும் அரை நூற்றாண்டுள் பலமுறை மாறிவிட்டன. பிரைமில் கற்பித்த பாய்ச்சலை இன்று எவரும் பாய்வதில்லை.